தார்ப்பாய்க்கு வெளியே கிடந்த கள்ளி

கால்கரியில் என் வீட்டு வாசலில், பனிக்கு அடியில், ஒரு சப்பாத்திக்கள்ளி படுத்துக் கிடக்கிறது. ஊரில் ஓடைக்கரையிலும் ரயில்பாதை ஓரத்திலும் விறைத்துக்கொண்டு நிற்குமே, அதே சாதிதான். இது கொஞ்சம் குட்டை. குளிர் தொடங்கியதும் தன் தண்ணீரையெல்லாம் வற்றவிட்டு, சுருங்கி, தரையோடு தரையாகச் சாய்ந்துவிடும். வெயில் வந்ததும் எழுந்து நிற்கும். இதை வாசிக்கிற விருதுநகர்க்காரர்கள் சிரிப்பீர்கள். வெட்டி எறிந்தாலும் முளைக்கிற சனியனை இவள் விமானம் ஏறிப் போய் வளர்க்கிறாளாக்கும் என்று கேட்பீர்கள். கேளுங்கள். பக்கத்து வீட்டு டேவ் தன் தோட்டத்திலிருந்து நாலைந்து மடல்களைக் கிள்ளித் தந்தபோது, "இது எங்கள் ஊர்ச் செடி" என்று நான் பெருமையாகச் சொன்னேன். "இல்லையே, இது இந்த ஊர்ச் செடி. ஆற்றுச் சரிவில் தானாகவே கிடக்கும்" என்றார் அந்த மனிதர். எனக்குச் சுருக்கென்றது. என் அத்தை மகளை யாரோ தன் வீட்டுப் பெண் என்று சொன்ன மாதிரி இருந்தது.

அந்தக் கள்ளியை நான் ஆசைக்கு வைக்கவில்லை. என் அப்பாவை இங்கேயே இருத்திக்கொள்ளத்தான் வைத்தேன். அப்பா, சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். வேலையை விட்டாயிற்று என்று பெயர்தான். சீசன் சூடு பிடித்தால் முதலாளி வீட்டிலிருந்து போன் வரும், இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மா போன பிறகு அவரைத் தடுக்கவும் ஆள் இல்லை. சிவகாசிப் பக்கம் வெடிவிபத்து என்று போனில் ஒரு வரி வந்தால் போதும், இங்கே எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. எந்த ஊர், எந்த கம்பெனி என்று செய்தியில் வருவதற்குள் அவருக்குப் போன் அடிப்பேன். மணி போகும், போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் எடுத்து, "என்னத்தா, சாப்பிட்டியா?" என்பார். கோபத்தில் எனக்கு அழுகை முட்டும். இனி இந்தப் பாடு வேண்டாம் என்றுதான், போன வருடம் தீபாவளி லோடெல்லாம் போன கையோடு அவரை இங்கே வரவழைத்தேன். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் இருக்கும்படி அவரே திரும்பும் டிக்கெட்டும் போட்டுக்கொண்டு வந்தார். அந்த டிக்கெட்டைக் கிழித்துப் போட வைப்பது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

குளிர்நாட்டில் காற்று வறண்டு போய், கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று ஒரு பொறி தெறிக்கும். இங்கே இருப்பவர்கள் கையை உதறிவிட்டுப் போவார்கள். அப்பா முதல் நாள் கார்க் கதவைத் தொட்டதும் நாலடி பின்னால் துள்ளிவிட்டார். முகம் வெளுத்துப்போயிற்று. அவர் இருந்த இடத்தில் வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைக் கையால் தொட வேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விட வேண்டும். ஒரு பொறிக்கு எத்தனை உயிர் என்று தெரிந்தவர்களின் வழக்கம் அது. அன்றிலிருந்து கதவைத் திறக்கும் முன் குனிந்து வாசற்படிச் சிமெண்டைத் தொட்டுவிட்டுத்தான் நிமிர்வார். தினமும் இதைப் பார்த்த டேவ், அப்பா எங்கள் வீட்டு வாசலைக் கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் நிமிரும் வரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருப்பார். நான் திருத்தவில்லை. எதைச் சொல்லி, எங்கிருந்து தொடங்குவது?

ஐப்பசியில் கள்ளி சுருங்க ஆரம்பித்தது. அப்பா குந்தி உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

"செத்துப்போச்சுத்தா. பிடுங்கி எறி."

"சாகலப்பா, தூங்குது. வெயிலு வரவும் எந்திரிச்சிரும். கள்ளியே இந்தக் குளுரத் தாங்குது, நீங்க இருக்கக் கூடாதாக்கும்?"

"கள்ளிக்குப் பேச்சுத் துணைக்கு ஆளு வேணாம் தாயி" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேச்சுத் துணைக்கு நான் இல்லையா என்று கேட்டுவிட்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் டேவ் குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்குப் போய்விட்டார். கள்ளிக் காட்டுக்கே போகிறாராம், நல்ல கூத்துதான். அவர் போன பிறகு ஒரு நாள், பனியும் மழையும் கலந்து வரப்போகிறது என்று வானம் மூட்டம் போட்டது. வேலை முடிந்து வந்து பார்த்தால், கள்ளியைக் காணோம். கோடையில் காட்டுப் பக்கம் கூடாரம் போட வாங்கி வைத்திருந்த நீலத் தார்ப்பாயை அதன்மேல் போர்த்தி, ஓரங்களைச் சுருட்டிச் செருகி, நாலு பக்கமும் செங்கல்லை அடுக்கியிருந்தார் அப்பா. கம்பெனியில் மேடை மேல் பட்டாசுச் சரக்கு காயும்போது மேகம் கறுத்தால் என்ன செய்வாரோ, அதைத்தான் செய்திருந்தார்.

"ஈரம் எறங்குனா அம்புட்டும் போச்சுத்தா. இனி மளை எம்புட்டு அடிச்சாலும் பயமில்ல. காத்துக்கூடப் போகாது" என்றார், கையைத் தட்டிக்கொண்டே.

எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பிடுங்கி எறி என்றவர் மூடி வைக்கிறார் என்றால் மனசு இறங்கிவிட்டது, இருந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். தார்ப்பாயின் ஒரு ஓரம் எட்டாமல், இரண்டு மடல்கள் வெளியே கிடந்தன. அவற்றைப் பனி மூடியது.

பிறகு மாதக் கணக்கில் குளிர். அப்பாவை நான் வெளியே விடவில்லை. நடைபாதையெல்லாம் கண்ணாடியாக உறைந்திருக்கிறது, விழுந்தால் இடுப்பு போய்விடும் என்று பயம். சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் கம்பளி, வீட்டுக்குள்ளேயே காலுறை. ஹீட்டரைக் கூட்டிக்கொண்டே போனேன். ஊரில் விடியுமுன் எழுந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரை நடந்துவிட்டு வருகிற மனிதர், சன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது. "என்னப்பா செய்யுது?" என்றால், "ஒண்ணுமில்லத்தா" என்பார். நானும் வேலையிலிருந்து போன் அடித்து, "கம்பளி போட்டிருக்கீகளா?" என்று கேட்பேன். அவர் எம். புதுப்பட்டியில் இருந்தபோது எப்படித் தவித்தேனோ, அதே தவிப்போடுதான் இங்கேயும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

மாசி கடைசியில் பனி இளக, டேவ் திரும்பி வந்தார். தார்ப்பாயைப் பார்த்து, உள்ளே இறைச்சி சுடும் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டார். கள்ளி என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். மூவருமாகச் செங்கல்லை எடுத்துத் தார்ப்பாயை விலக்கினோம். குப்பென்று அழுகல் வாடை. உள்ளே இருந்ததெல்லாம் கொழகொழவென்று கறுத்துப் போயிருந்தது. வெளியே பனிக்கடியில் கிடந்த அந்த இரண்டு மடல்கள் மட்டும், சுருங்கி, செம்மையேறி, ஆனால் உயிரோடு இருந்தன. பனிதான் அதற்குப் போர்வை, குளிரால் அதற்குக் கேடில்லை, உள்ளே தங்கிய ஈரம்தான் கொன்றிருக்கிறது என்றார் டேவ். அப்பாவுக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் அதற்குள் குந்தி உட்கார்ந்து, அழுகியதைக் கையால் வழித்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்குள்ளயே வேர்த்து அவிஞ்சுபோச்சுத்தா. நல்லாருக்கட்டும்னு நான்தான் மூடிக் கெடுத்துப்புட்டேன்."

அவர் கழுத்து வரை பித்தான் போட்ட கம்பளிக்குள்ளிருந்து அதைச் சொன்னார். நான் போட்டுவிட்ட கம்பளி. டேவ் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். செடிக்கு இப்படி அழுகிறாளே என்று அவர் பாவம், உடனே தன் தோட்டத்திலிருந்து வேறு மடல்கள் எடுத்துவரப் போய்விட்டார்.

"அந்த டிக்கெட்டுக்கே போங்கப்பா" என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவா?"

"கம்பெனிக்குப் போக மாட்டேன்னு மட்டும் சொல்லுங்க."

"பொய் சொல்லவா தாயி?" என்றார். அழுகல் ஒட்டிய கையைப் பனியில் தேய்த்துக் கழுவினார். "தகட்டைத் தொட்டுட்டுத்தான் உள்ள போவேன். போதும்ல?"

"போதாது. ஆனாலும் போங்க."

போனார். சித்திரை கழிந்து அந்த இரண்டு மடல்களும் எழுந்து நின்றன. ஆனியில் ஒன்றின் தலையில் மஞ்சள் பூ ஒன்று வந்தது, படமெடுத்து அனுப்பினேன். வெடிவிபத்துச் செய்தி வரும்போது முன்போலவே அடிக்கிறேன், மணி போகிறது. எடுக்கிறார். எடுக்காத நாள் ஒன்று வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு இப்போது வேண்டுதல் எதுவும் இல்லை.

இந்த வருடத்து முதல் பனி நேற்றுக் காலை விழுந்தது. வேலைக்குக் கிளம்பிய நேரத்தில் போன். ஊரில் அது சாயங்காலம். அவர் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது, ஆட்கள் ஓடுவது கேட்டது. எங்கே நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை.

"பனி விளுதுன்னு மெசேஜ் போட்டிருந்தியே. கள்ளிய மூடிட்டியாத்தா?"

"இல்லப்பா."

"மூடிராத. தன்னால கெடக்கட்டும்." அடுத்த நொடி வேறு யாருக்கோ கத்தினார்: "ஏலே, மேகம் எறங்கிருச்சு, அந்தத் தார்ப்பாய இளுத்து மூடுங்கலே!" லைன் அறுந்துபோயிற்று.

வாசலில் கள்ளியின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. நான் மூடவில்லை. மடித்து வைத்த தார்ப்பாயை எப்போது போய் எடுத்தேன் என்று தெரியவில்லை, இரண்டு கையாலும் அதை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.