கை வைக்கிற இடம்

முதலில் கைக்கடிகாரம் கழலும். அடுத்து வளையல். மோதிரம் லேசில் வராது. சோப்புத் தண்ணீர் தொட்டுத் திருகித் திருகித்தான் எடுக்க வேண்டும். மூன்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, முழங்கை வரை கழுவி, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வருவாள். கட்டிலில் படுத்திருக்கும் கணவர், "என்ன டாக்டர், ஆபரேஷனுக்கு ரெடியா?" என்பார். "பேஷண்ட் வாயை மூடினா ஆரம்பிக்கலாம்" என்பாள். அதற்குப் பிறகுதான் லேப்டாப்பைத் திறப்பாள்.

ஒரு பெரிய மருத்துவமனைக்கு அறிக்கை டைப் அடித்துக் கொடுக்கிற வேலை. டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முனகிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, எழுத்துப் பிசகாமல் அடிப்பாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால், சிலருக்கு வாயில் சனி என்பார்களே, இவளுக்கு அது உள்ளங்கையில். வெயிலோ குளிரோ, கை வேர்த்துக்கொண்டே இருக்கும். படிக்கிற காலத்தில் பரீட்சைத் தாள் நனைந்து மை கரைந்தது. இப்போது லேப்டாப். விசைகளுக்குக் கீழே கை வைக்கிற இடம் இருக்கிறதே, அங்கேதான் வினை. முதலில் எண்ணெய் தடவினாற்போல் பளபளக்கும். பிறகு வெளுக்கும். பிறகு பெயிண்ட் பொரிந்து, நகம் பட்டாலே செதில் செதிலாக வந்துவிடும்.

லேப்டாப் ஆபீஸ் கொடுத்தது, வருஷத்துக்கு ஒரு தடவை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். முதலாவதை அப்படித்தான் திருப்பிக் கொடுத்தாள். ஆபீஸில் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற ஸ்டோர்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, டைப் அடிச்சீங்களா, மாவு பிசைஞ்சீங்களா?" என்று கேட்டார். அவரிடம் திரும்பி வருகிற எந்தச் சாமானுக்கும் இரண்டே பெயர்தான். ஒன்று தேய்மானம், இன்னொன்று சேதம். "தேய்மானம்னா பொருளோட விதி. சேதம்னா ஆளோட குத்தம்" என்பார். அவளுடையது சேதம் என்று போனது.

இரண்டாவதுக்கு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வேர்வை ஓரம் வழியாக உள்ளே இறங்கியது, பசை கறுத்துப் பிசுபிசுத்தது. திருப்பிக் கொடுக்கும் நாளில் உரித்தால் ஸ்டிக்கரோடு பெயிண்டும் கூடவே வந்துவிட்டது. அதுவும் சேதம். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மூணாவதும் இப்படி வந்தா, உங்களுக்கு வீட்டுக்குக் குடுக்க வேணாம்னு மேல சொல்லிட்டாங்க. ஆபீஸுக்கு வந்துதான் அடிக்கணும்" என்றார் ஸ்டோர்காரர். தனியாக ஒரு கீபோர்டு வாங்கிச் சொருகிக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள். நோயாளிகள் விவரம் இருக்கிற மெஷினில் வெளிச்சாமான் எதையும் சொருகக் கூடாதாம்.

ஆபீஸுக்குப் போய் அடிப்பது என்ன மலையா என்று நினைக்கலாம். அவளுக்கு மலைதான். கணவர் பஸ் ஓட்டியவர். ஒருநாள் காலை பல் துலக்கும்போது விழுந்தவருக்கு வலப்பக்கம் திரும்ப வரவேயில்லை. வாய் கோணி, பேச்சு மட்டும் மெதுவாக மீண்டது. அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ஊட்ட வேண்டும், ஒதுங்க வைக்க வேண்டும். பெற்றது ஒரே பெண். அவள் கடல் தாண்டிக் குடித்தனம் செய்கிறாள். ஆள் வைத்துப் பார்த்தார்கள். வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்வதால்தான் வண்டி ஓடுகிறது.

ஆகவே மூன்றாவது லேப்டாப்பைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். மணிக்கட்டுக்கு அடியில் இரண்டாக மடித்த பருத்தித் துணி. துணி ஈரமானதும் மாற்ற இன்னொன்று. வீடியோ கூட்டங்களில் அதைப் பார்த்துவிட்டு 'துணி மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும். சாயங்காலம் வேலை முடிந்ததும் துடைப்பு தொடங்கும். ஈரத்துணி, பிறகு கண்ணாடி துடைக்கிற மருந்து, பிறகு கணவருக்கு ஊசி போடும்போது தடவுகிற ஸ்பிரிட். வட்டம் வட்டமாக, அழுத்தி அழுத்தி. "எனக்கு உடம்பு துடைக்கிறப்ப இந்த அக்கறையைக் காணோமே" என்பார் அவர். "உங்களை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. இதைக் கேப்பாங்க" என்பாள் நிமிராமலே.

திருப்பிக் காட்ட வேண்டிய நாள் வந்தது. அன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் தற்செயலாகச் சாய்த்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் வெளுத்திருந்தது. வலப்பக்கம் ஒரு ஓரத்தில் பெயிண்ட் போயே போய்விட்டது.

"கையே படலையே. ஒரு நாள்கூடத் துணி இல்லாம வைக்கலையே."

"இங்க கொண்டா" என்று இடக்கையால் வாங்கிப் பார்த்தார் கணவர். வெகுநேரம் பார்த்தார். "வட்டமா இருக்கு பாரு. உன் கை வட்டமாவா இருக்கு? இது நீ துடைச்ச வட்டம்."

வேலியே பயிரை மேய்ந்த கதை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அவளுக்கு வரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "எனக்கு முடியலைங்க. எதைச் செஞ்சாலும் தப்பாப் போகுது. சலிச்சுப் போச்சு" என்றாள். எதிர்வீட்டு அக்காவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ஸ்டோர்காரர் மெஷினைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிச் சாய்த்தார். கட்டைவிரலால் தடவினார். கைக்குட்டைக்குள் கையை மறைத்தபடி அவள் நின்றாள்.

"இந்தத் தடவை என்னம்மா பண்ணீங்க?"

"துடைச்சேன் சார்."

"எதால?"

"வீட்ல இருந்த எல்லாத்தாலயும்."

அவர் தலையைச் சொறிந்தார். "இருபத்தஞ்சு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். ஒழுங்கா வச்சிக்கிட்டே கெடுத்த ஆளை இப்பத்தான் பாக்கறேன். இதுக்கு என்ன பேரைப் போடுறது?" பிறகு, "கையக் காட்டுங்க" என்றார். தயங்கித்தான் காட்டினாள். ஸ்பிரிட்டும் சோப்பும் தின்ற உள்ளங்கை. தோல் உரிந்து, ரேகை எல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. அவர் மெஷினைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மூடியைச் சாத்தினார். "தேய்மானம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "ஸ்பிரிட்டெல்லாம் வேணாம்மா. வாரத்துல ஒரு நாள், நல்லாப் பிழிஞ்ச துணியால, அழுத்தாம ஒரு தடவு. போதும். அடுத்த தடவை இங்க நான் இருக்க மாட்டேன், ரிட்டயர்டு. வர்ற ஆள் எப்படியோ."

அதே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். எதிர்வீட்டு அக்கா, "சாப்பிட்டாரு, தூங்கவே இல்லை, வாசலையே பாத்துட்டிருந்தாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கணவர் கண்ணால் கேட்டார். "தேய்மானமாம்" என்றாள். "இப்போதைக்குத் தப்பிச்சோம். அடுத்த தடவைக்கு என்ன வழியோ."

சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் இடக்கையால் அவள் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை மேலாகத் திருப்பினார். வெடிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஈரம், விடுங்க" என்றாள். அவர் விடவில்லை. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் ஊதினார். கோணிய வாய் வழியே பாதிக் காற்று பக்கவாட்டில் போனது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஊதினார்.