எஞ்சின் சட்டத்துக்கு வெள்ளை பெயிண்ட்

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அந்த மனிதருக்கு, உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'ரெண்டாம் தடவை'. பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். கடைக்காரர் எடை போட்ட தக்காளியை வீட்டில் மறுபடி எடை போடுவார். அப்படிப்பட்டவர் ஏழு வருஷமாக வாடகைக் கிடங்கு ஒன்றில் இரண்டு பேர் உட்காரும் விமானம் கட்டிக்கொண்டிருந்தார் என்றால், அது எவ்வளவு மெதுவாக வளர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் எஃகுப் பாகங்களுக்குப் பூச்சு மட்டும் பாக்கி. அடுத்த மாதக் கடைசியில் முதல் தடவையாக அதில் அவரே தனியாகப் பறப்பதாக இருந்தது. அதற்குள் எதற்கு முலாம், எதற்கு பெயிண்ட் என்று முடிவு செய்தாக வேண்டும்.

சக்கரத்தைத் தாங்கும் பின்களைத் துத்தநாக முலாம் போடக் கொடுத்தார். கொடுத்த நிமிஷத்திலிருந்து தூக்கம் போயிற்று. முலாம் ஏறும்போது கடினமான எஃகு ஹைட்ரஜனையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே அடுப்பில் வைத்துப் பல மணி நேரம் சுட்டு அதை வெளியேற்றாவிட்டால், பார்க்கப் பளபளவென்று இருக்கும் பின் ஒருநாள் படக்கென்று உடைந்துவிடும்.

"சுடுவீங்களா?" என்று முலாம்காரரிடம் கேட்டார்.

"சுடாம கொடுப்பேனா சார்?"

அந்தச் சிரிப்பே அவருக்குப் பிடிக்கவில்லை. அடுப்புக்குப் போகவிருந்த தட்டில், முலாம்காரர் திரும்பிய நேரமாகப் பார்த்து, தன் பஸ் டிக்கெட்டைப் பின்களுக்கு நடுவே சொருகினார். சூடு பட்டால் கறுக்கும் காகிதம் அது. மறுநாள் போய்ப் பார்த்தால் டிக்கெட் கன்னங்கரேல் என்று கிடந்தது. ஆள் நேர்மையானவர்தான். ஆனால் வீடு வருவதற்குள், டிக்கெட்டைக் கண்டுபிடித்து லைட்டரில் காட்டியிருப்பாரோ என்று மனசு அரிக்க ஆரம்பித்துவிட்டது.

எஞ்சினைத் தாங்கும் குழாய்ச் சட்டம் மட்டும் அவருடைய செல்லப்பிள்ளை. பத்து இணைப்புகள், பத்தையும் அவர் கையாலேயே வெல்டிங் செய்திருந்தார். அதற்குக் கெட்டியான கருநீலப் பவுடர் பூச்சு போட ஆசைப்பட்டார். சுரண்டினாலும் போகாது, துருவும் அண்டாது.

அவர் மனைவி சைக்கிள் கடையில் பெயிண்ட் அடிக்கிறவள். "அது வேண்டாங்க. கம்பி வெடிச்சாக்கூட அந்தத் தோலு மூடி வச்சிடும். மெல்லிசா வெள்ளை அடிப்போம். ஏதாவது ஆச்சுன்னா உடனே தெரியும்" என்றாள்.

"ஒனக்கு எதுவாச்சும் தெரியணும். தெரிஞ்சா நான் பறக்க மாட்டேன். அதானே?"

"ஆமா, பயமாத்தான் இருக்கு. அதுக்காகப் பொய் சொல்லுவேனா? ஊர்ல ஒருத்தரையும் நம்ப மாட்டீங்க. இத மட்டும் எப்படிக் கண்ண மூடிட்டு நம்புறீங்க?"

"இது நான் போட்ட வெல்டிங்!"

அவள் தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள். மூன்றாம் நாள் அவரே வெள்ளை பெயிண்ட் டப்பாவை வாங்கி வந்து அவள் முன்னால் டொக்கென்று வைத்தார். விட்டுக்கொடுத்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாதே; பவுடர் பூச்சுக் கடைக்காரர் முழியே சரியில்லை என்று காரணம் சொன்னார். அவளே இரண்டு கை அடித்துக் கொடுத்தாள்.

சக்கரங்களைக் கட்டிப்போட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பறப்பதற்கு ஒரு வாரம் இருக்கையில், கீழ் இடப்பக்க இணைப்பில் முடி கனத்துக்கு ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது.

அவருக்கு முதலில் வந்த எண்ணத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மனைவியின் புருவப் பென்சில் அதே நிறம்தான். துணியில் மண்ணெண்ணெய் நனைத்து அழுத்தித் துடைத்தார். கோடு போய்விட்டது. அதைப் பார்த்து அவர் முகத்தில் வந்த வெற்றிச் சிரிப்பு இருக்கிறதே, பாவம். மறுபடி அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு வந்து பார்த்தார். அதே இடத்தில் அதே கோடு. அந்த அரை மணி நேரமும் அவள் கிடங்குப் பக்கமே வரவில்லை.

பெயிண்டைச் சுரண்டி லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெல்டிங்கின் ஓரமாக எஃகு விரிசல் விட்டிருந்தது. உள்ளே உரசி உதிர்ந்த இரும்புத் தூள்தான் துருவேறி வெளியே வந்து கோடாக நின்றது. வேறு யாரும் வெல்டிங் செய்யாத, அவரே போட்ட இணைப்பு அது. கருநீலப் பூச்சுக்குள் இருந்திருந்தால் அடுத்த வாரம் அந்த எஞ்சினை நம்பி மேலே போயிருப்பார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு போன் பண்ணி அவளை வரவழைத்தார். வந்தவள் கோட்டைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "இப்ப யார் மேல சந்தேகம்?" என்று கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. கேட்கவில்லை.

அவர் லென்ஸை அவள் கையில் கொடுத்தார்.

"மிச்சம் ஒம்போதையும் நீ பாரு. நான் பார்த்தா எல்லாம் சரியாத்தான் தெரியும்."