தெலுங்குக்கு விட்ட வரி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ராஜபாளையத்தில் கல்லூரி சேர்ந்த முதல் வாரமே அதைக் காட்டிவிட்டேன்.

இயற்பியல் வகுப்பு. இந்தப் பாடத்துக்கு எந்தெந்த மொழியில் என்ன பெயர் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னார் பேராசிரியை. தமிழில் இயற்பியல், பழைய புத்தகங்களில் பௌதிகம். இந்தியில் பௌதிகி என்றது செல்போன். தெலுங்குக்கு ஒரு வரி விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். உள்ளூர்க்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், ஆய்வகத்திலும் என் ஜோடி. தெரியாது என்றாள்.

"வீட்ல தெலுங்குதான பேசுறிய? தாய்மொழியில ஒரு வார்த்தை தெரியாதா?"

வகுப்பே சிரித்தது. தெலுங்குப் பெயரையும் போனிலேயே பார்த்திருக்கலாம். அவளைச் சீண்டுவது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் ஒரு துண்டுச் சீட்டை என் முன்னால் வைத்தாள். 'பௌதிக சாஸ்திரம்' என்று தமிழ் எழுத்தில் இருந்தது. அவளுக்குத் தெலுங்கு எழுதத் தெரியாது.

"எங்கப்பாவுக்கும் தெரியல. ஆந்திராவுல இருக்க சொந்தக்காரருக்குப் போன் போட்டாரு. நீங்க பேசுறதெல்லாம் ஒரு தெலுங்கான்னு அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. எங்கப்பா சாப்பிடாமப் படுத்துட்டாரு. இந்தா, எழுதிக்கோ."

அவள் அப்பா பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்ப்பவர். அன்றே அவள் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் எதிர்வீட்டு அத்தை அம்மாவிடம், "மக என்ன படிக்கா?" என்று கேட்டார்.

"பிசிக்ஸு" என்றாள் அம்மா.

"இயற்பியல்னு சொல்லேம்மா" என்றேன்.

"அது ஒன் புஸ்தகத்துல கெடக்கு. நான் எங்க அதப் பேசினேன்?"

எனக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமை கல்லூரியில் அவளிடம் போய் இதைச் சொன்னேன். நம் இரண்டு வீடும் ஒன்றுதான் என்று சொல்லி மன்னிப்பும் கேட்டேன்.

"ஒங்கம்மாவப் பாத்து யாரும் சிரிக்கலல்ல?" என்றாள். பிறகு, "எங்கிட்டச் சொல்லி என்ன? எங்கப்பாட்ட வந்து சொல்லு" என்றாள்.

"வாரேன்" என்றேன்.

அவள் வீடு கல்லூரியிலிருந்து நடந்துபோகிற தூரம். மூன்று வருடமும் போகவில்லை. பயம்தான், வேறென்ன.

பட்டமளிப்பு விழாவுக்கு அவள் அப்பா வந்திருந்தார். கூடப் படித்தவள் என்று அவள் என்னைக் காட்டினாள். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார். இருக்கேன் என்றேன். என் பேச்சுதான் இதற்கெல்லாம் காரணம் என்று அவருக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் பக்கத்தில் நின்ற மகளிடமும் அவர் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார்.