மகளுக்கு வைத்த பூண்டு ரசம்

வாயெல்லாம் புண்ணாகிக் கிடந்த நாலு வயது மகளுக்கு மிளகும் மலைப்பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைத்துக் கொடுத்த தகப்பன் நான். வீடு நிறையப் புத்தகம் உண்டு. அவள் வாயைத் திறந்து பார்க்கத்தான் தோன்றவில்லை. கொடைக்கானல் குளிரில் காய்ச்சல் என்றாலே எங்கள் கை தானாக மிளகு டப்பாவுக்குப் போய்விடும்.

ஒரு மடக்குதான் குடித்தாள். அலறல்கூட முழுதாக வரவில்லை.

உள்ளங்கையிலும் பாதத்திலும் இருந்த கொப்புளங்களைப் பார்த்த டாக்டர், "கை, கால், வாய் நோய்ங்க. தானா ஆறிரும். தண்ணி மட்டும் உள்ள போயிட்டே இருக்கணும். ஆற வச்சே குடுங்க" என்றார்.

அதுதான் போகவில்லை. ஆறிய கஞ்சி, மோர், இளநீர் என்று எதைக் கொண்டுபோனாலும் என்னைக் கண்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். காலையிலிருந்து மூத்திரம் போகவில்லை என்றாள் மனைவி. அவள்தான் ஸ்பூன் ஸ்பூனாக மோரைப் புகட்டினாள். நான் குழந்தையின் கண்ணில் படாமல் கதவுக்கு வெளியே நின்று, விழுங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மகளின் பாவாடை நனைந்த பிறகுதான் மனைவி உட்கார்ந்தாள்.

புண் ஆறிவிட்டது. ஆனால் இன்றும் நான் தம்ளரை நீட்டினால் மகள் முகர்ந்து பார்க்கிறாள். "மொதல்ல நீங்க குடிங்கப்பா" என்கிறாள். குடித்துக் காட்டுகிறேன், வெறும் தண்ணீர்தான்.

மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டேன்.

"அவளுக்கு வெரசா வெவரம் வந்துருச்சுங்க. நீங்க வச்சதை மோந்து பாக்கணும்னு எனக்குத் தெரியவே ரெண்டு வருசம் ஆச்சு" என்றாள்.