மாமா கொண்டுவந்த புத்தகங்கள்

ஆந்திர எல்லையில், நகரிப் பக்கத்து எங்கள் ஊரில் ஒரே பள்ளிக் காம்பவுண்டுக்குள் தெலுங்கு மீடியமும் தமிழ் மீடியமும் இருந்தன. தெலுங்குப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த வாரமே புத்தகம் வந்துவிடும். எங்களுக்கு வருஷா வருஷம் தாமதம்தான்; அந்த வருஷம் தசரா லீவு முடிந்தும் வரவில்லை. இருந்த ஒரே டீச்சர் கரும்பலகையிலேயே எல்லாப் பாடத்தையும் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். கார்த்திகையில் சித்தூரிலிருந்து அதிகாரி வருவார், பிள்ளைகள் சரியாகச் சொல்லாவிட்டால் தமிழ்ப் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் தம்பியான அவருக்கு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டில் வீடு. உலகத்தில் எது குறைந்தாலும் தன் மொபெட்டில் ஏற்றிவந்து சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவர். அங்கே பிள்ளைகள் படித்து முடித்த ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார்.

"எங்க இருந்தாலும் தமிழ் தமிழ்தானே டீச்சர்? பசங்க படிச்சிக்கினு இருக்கட்டும்."

டீச்சர் புரட்டிப் பார்த்துத் தயங்கினார். பிறகு கொடுத்துவிட்டார். நாங்கள் வெறிபிடித்த மாதிரி படித்தோம்.

அதிகாரி வந்தார். "நம்ம ராஷ்டிரத்துக்கு ராஜதானி எது?" என்று தெலுங்கு கலந்து மாநிலத் தலைநகரைக் கேட்டார். தலைநகரம் ஒன்றா மூன்றா என்று ஆந்திராவில் பெரியவர்களுக்கே குழப்பம் இருந்த காலம். எங்களுக்குக் குழப்பமே இல்லை. கூரை அதிர, "சென்னை!" என்றோம்.

அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, அட்டையிலிருந்த தமிழ்நாட்டு முத்திரையைப் பார்த்தார். எங்கள் புத்தகம் இன்னும் வரவில்லை, பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கலாமா என்று டீச்சர் தெலுங்கில் மெதுவாகக் கேட்டார். அதிகாரி என்னைப் படிக்கச் சொன்னார். திக்காமல் படித்தேன். அடுத்தவளும் படித்தாள், அதற்கடுத்தவனும் படித்தான். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொங்கலுக்குள் எங்கள் புத்தகங்கள் வந்துவிட்டன. பிரிவையும் யாரும் மூடவில்லை. பொங்கல் வரிசையோடு வந்த மாமாவுக்கு நான் முகம் கொடுக்கவில்லை.

"உன்னாலதான் மாமா தப்பா சொன்னோம். டீச்சர் அழுதுட்டாங்க."

"அது போவுது. திக்காம படிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

இது ஒரு கேள்வியா என்று எழுந்து போய்விட்டேன். வருஷா வருஷம் சரியாகச் சொன்ன பிள்ளைகளுக்கு நேரத்தில் வராத புத்தகம், நாங்கள் தப்பாகச் சொன்னதால்தான் வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. டீச்சர் அழுததும் அந்தத் தப்புக்காகத்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.