கோணாத வட்டம்

அந்த ஓட்டுநருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது; யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. பெட்டி ஏற்றுகிறவர்கள் முதல் வாயிற்காவலர் வரை எல்லோருக்கும் அவர் கேள்விக்காரர்தான். ஐம்பத்திரண்டு வயதாகி, முன்தலை வழுக்கை விழுந்த பிறகும் நாலு வயதுப் பிள்ளை மாதிரி ஏன் ஏன் என்று துளைத்துக்கொண்டே இருப்பார். மீன் ஏற்றினால், "இதுக்கு மைனஸ் பதினெட்டு, வெண்ணெய்க்கு நாலு. யார் இதையெல்லாம் முடிவு பண்ணாங்க?" வாழைக்காய் ஏற்றினால், "பதிமூணுக்குக் கீழ போனா கறுக்கும்கிறீங்களே, ஏன் கறுக்குது?" தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். தெரியாதவர்கள் தேநீர் குடிக்க நழுவிவிடுவார்கள்.

பதினேழு வருஷமாக அவர் ஓட்டுவது ஃப்ரீசர் வண்டி. முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் சன்னல் இல்லாத நீண்ட வெள்ளைப் பெட்டி, அந்தப் பெட்டியின் நெற்றியில் குளிரூட்டும் இயந்திரம். வண்டி நின்றாலும் அந்த இயந்திரம் நிற்கக் கூடாது. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அதன் உறுமல் கேட்கிறதா என்று ஒரு காது அங்கேயே இருக்கும். அது பழகிப்போய், வீட்டில் மெத்தையில் படுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. விடுமுறை நாளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜ் ஓரமாகச் சாய்ந்துவிடுவார்.

"என்னைக் கட்டிக்கிட்டதுக்கு இந்த ஃப்ரிட்ஜையே கட்டியிருக்கலாம்" என்பார் மனைவி. அந்த அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். தையல் இயந்திரமும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

வண்டியில் இன்னொரு சமாசாரம் உண்டு. குளிரூட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி மூடி போட்ட சின்னப் பெட்டி ஒன்றுக்குள் வட்டமான காகிதம் மெல்லச் சுழலும். உள்ளே எவ்வளவு குளிர் என்பதை ஒரு பேனா முள் அதன் மேல் வரைந்துகொண்டே போகும். சூடு ஏறினால் கோடு வெளியே தள்ளும், இறங்கினால் உள்ளே வரும். சார்ட் என்பார்கள். மூடியின் சாவி அலுவலகத்தில் இருக்கும். பயணம் முடிந்ததும் அங்கே பார்த்துவிட்டுக் காகிதத்தைக் குப்பையில் போடுவார்கள். நம்மவர் அதைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

மற்றவர்கள் சார்ட்டில் கோடு மேடும் பள்ளமுமாக இருக்கும். கேள்விக்காரரின் சார்ட்டும் முன்பு அப்படித்தான். நாலு மாதத்துக்கு முன்னால் அவரைப் பூ ஓட்டத்தில் போட்டார்கள். கார்னேஷன் என்று சொல்வார்களே, பூங்கொத்தில் வைக்கும் அடுக்கு இதழ்ப் பூ, அதற்கு இரண்டு டிகிரி. திரும்பும்போது கேரட், அதற்கும் ஏறக்குறைய அதேதான். அந்த மாதத்திலிருந்து அவர் கொண்டுவந்ததெல்லாம் கோணாத வட்டம். காம்பஸ் வைத்துப் போட்டாலும் அப்படி வராது. ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தையல் இயந்திரத்துக்கு மேலே சுவரில் மாட்டினார். துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "அது நான் ஓட்டினது" என்று காட்டினார். அளவெடுக்க வந்த பெண்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் பூ செத்தது.

ஏழாவது ஓட்டத்தில் சந்தையில் பெட்டியைத் திறந்தால் பூக்கள் எல்லாம் இதழை உள்ளே மடக்கிக்கொண்டு கிடந்தன. அழுகல் இல்லை, கறுப்பு இல்லை. தூங்குகிற மாதிரி இருந்தன. தண்ணீரில் போட்டும் விழிக்கவில்லை. எட்டாவது நன்றாகப் போனது. ஒன்பதாவது மறுபடியும் தூங்கிவிட்டது. வாங்க வந்தவர் முழு லோடையும் வேண்டாம் என்று திருப்பினார்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினார். பதினோரு வண்டிகளுக்குச் சொந்தக்காரர். இளமையில் மீன் கூடைக்கு ஐஸ் அள்ளிப் போட்டுத் தொழிலைத் தொடங்கியவர், அதனால் குளிர் விஷயத்தில் அவரிடம் யாரும் கதை விட முடியாது.

"உக்காருங்க."

"பரவாயில்லம்மா, நிக்கிறேன்."

"ரெண்டு லோடு போயிருக்கு. ரெண்டு சார்ட்டும் இதோ இருக்கு. பாருங்க, தட்டு மாதிரி."

"சுத்தமா இருக்குல்ல?" என்றார் கேள்விக்காரர், இருக்கிற நிலைமையை மறந்து.

"அதான் எனக்கு உறுத்துது. எந்த வண்டியிலயும் கோடு இப்படி வராது. முன்னாடி ஒருத்தன் இருந்தான். குளிரைப் பார்க்கிற கம்பியை ஐஸ் வாளிக்குள்ள விட்டுட்டு மெஷினை அணைச்சுடுவான். மிச்சம் பிடிச்ச டீசலை வழியில வித்துடுவான். இறக்குறதுக்கு மூணு மணி நேரம் முந்தி மறுபடி போட்டுக்குவான். அவன் சார்ட்டும் இப்படித்தான் அழகா இருந்துச்சு."

பதினேழு வருஷத்தில் முதல் தடவையாகக் கேள்விக்காரருக்குக் கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை.

"உங்க மேல இதுவரைக்கும் ஒரு சொல் வந்ததில்ல. அதுக்காக இன்னும் ஒரு லோடு தரேன், வர்ற திங்கக்கிழமை. அதுவும் செத்துச்சுன்னா வண்டிச் சாவியை மேசையில வச்சிட்டுப் போயிடுங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன்."

வேலை போய்விடும் என்பதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வேறு வண்டி கிடைக்கும். ஐஸ் வாளி என்ற பேச்சு தன்னோடு வேறு வண்டிக்கும் ஏறி வருமே. ஓட்டுநர் அறையில் சிவப்பு எண்ணில் குளிரைக் காட்டும் கருவி ஒன்று உண்டு. இரண்டு நாள் ஓட்டத்தில் அதை நூறு தடவையாவது பார்த்திருப்பார். ஓடும்போதெல்லாம் இரண்டு டிகிரியை ஒட்டித்தான் காட்டியது. ஆனால் அது எதையும் எழுதி வைக்காது. அவர் பார்த்ததற்கு அவரே சாட்சி.

குளிர் சரியாக இருந்தது, பூ செத்தது. அப்படியென்றால் பூவைக் கொன்றது குளிர் இல்லை. வீட்டுக்கு நடந்து வருகிற வழியிலேயே அவருக்குப் பழைய புத்தி திரும்பிவிட்டது. பயம் ஒரு பக்கம் இருக்க, அது என்னவென்று தெரிந்தே ஆகவேண்டும் என்ற அரிப்பு மறுபக்கம் ஏறிக்கொண்டது.

"குலுக்கலா இருக்குமோ?" என்று மனைவியிடம் கேட்டார். "வேகத்தடை ஜாஸ்தி இருக்குற ரோடு."

"எட்டாவது தடவையும் அதே ரோடுதானே?"

"மழையா இருக்குமோ?"

"பெட்டிக்குள்ள எங்கேர்ந்து மழை?"

"ஓட்டும்போது நான் பாடுவேன்."

"அப்ப அதுதான். நீங்க பாடினா நானே வாடிப்போறேன், பூ எம்மாத்திரம்."

அவர் சிரிக்கவில்லை. கடைத்தெருவுக்குப் போய் ஒரு கட்டு கார்னேஷன் வாங்கி வந்தார். கல்யாணமான நாளிலிருந்து பூங்கொத்தே வாங்கித் தராத மனிதர் கையில் பூவைப் பார்த்ததும் அந்த அம்மா தைப்பதை நிறுத்திவிட்டார். அவரோ கட்டைப் பிரித்து, பாதியைத் தங்கள் ஃப்ரிட்ஜில் வைத்து, மீதியை அடுத்த வீட்டில் இருக்கும் மைத்துனியிடம் கொடுத்து, "உன் ஃப்ரிட்ஜுல வைம்மா, தொடாதே, பார்த்துக்கிட்டே இரு" என்றார். அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம். வழக்கமான இடத்தில் அவர் கண்ணயர்ந்திருந்தபோது மனைவி மோர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

"ஏங்க, எந்திரிங்க. வண்டியிலதான் சாகுதுன்னு பார்த்தா, நம்ம வீட்டுலயும் செத்துக் கிடக்கு."

அவர் எழுந்த வேகத்தில் தலை ஃப்ரிட்ஜ் கதவில் இடித்தது. அதே தூக்கம், அதே உள்மடங்கிய இதழ். அடுத்த வீட்டுக்கு ஓடினார். மைத்துனி வீட்டில் பூக்கள் அன்று பறித்தவை போல விறைப்பாக நின்றன. ஒரே கட்டு, ஒரே நாள், குளிரும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இரண்டு ஃப்ரிட்ஜையும் தட்டுத் தட்டாகக் காலி செய்து தரையில் பரப்பினார். அங்கேயும் பால், இங்கேயும் பால். அங்கேயும் முட்டை, இங்கேயும் முட்டை. மிஞ்சியது ஒன்றுதான். போன வாரம் சரக்கு மேடையில் அடிபட்டது என்று அவர் கையில் கொடுத்தனுப்பிய ஆப்பிள் அவர்கள் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஒரு பை நிறைய இருந்தது.

"ஆப்பிள் என்ன பண்ணும்?" என்றார் அவர், பையைக் கையில் பிடித்தபடி.

"ஏன் பண்ணாது? பழுத்த பழத்தைக் காயோட போட்டு மூடி வச்சா, காய் சட்டுனு பழுத்துடுதுல்ல. பழம் எதையோ விடுதுங்க. மூக்குக்குத் தெரியாம எதையோ. காயைப் பழுக்க விரட்டுது. பூவை விரட்டினா அது எங்க போகும், வாடத்தான் செய்யும்."

இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தான் ஒருநாளும் கேட்காத கேள்விக்கு மனைவியிடம் பதில் இருந்தது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்த நொடி, ஏழாவது ஓட்டமும் ஒன்பதாவது ஓட்டமும் நினைவில் வந்து நின்றன. அந்த இரண்டு தடவை மட்டும் பூ போதாமல் பெட்டியின் முன்பக்கம் காலியாக இருந்தது. அங்கே நாற்பது கூடை ஆப்பிள் ஏற்றினார்கள். பூவுக்கும் இரண்டு டிகிரி, ஆப்பிளுக்கும் இரண்டு டிகிரி. குளிர் ஒத்துப்போனதால் யாரும் வேறெதையும் யோசிக்கவில்லை, அவர் உட்பட.

ஆனாலும் முதலாளியம்மாவிடம் வாயால் சொன்னால் போதாது என்று அவருக்குத் தெரியும். மைத்துனி வீட்டுப் பூவை இரண்டாகப் பிரித்து, இறுக்க மூடும் இரண்டு கண்ணாடி டப்பாவில் போட்டார். ஒன்றில் மட்டும் ஒரு ஆப்பிளை வைத்தார். இரண்டு நாளும் அவரும் சரி, அந்த அம்மாவும் சரி, டப்பாவை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைக்கப்பட்டது.

திங்கள் காலை டப்பாக்களோடு போனால், அவருடைய வண்டியின் முன்பக்கத்தில் ஆப்பிள் கூடைகள் ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்தன. பூப்பெட்டிகள் மேடையில் காத்திருந்தன. அவர் நேரே அலுவலகத்துக்குள் போய் இரண்டு டப்பாவையும் மேசையில் வைத்தார்.

"அந்த ஆப்பிளோட நான் வண்டியை எடுக்க மாட்டேம்மா. எடுத்தா பூ செத்துடும். சாவி வேணும்னா இப்பவே வாங்கிக்குங்க."

முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு டப்பாவைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். ஆப்பிள் இருந்ததில் பூ இதழை மடக்கிக் கிடந்தது, மற்றதில் விறைப்பாக நின்றது. மூடியைத் திறந்து மோந்தார்.

"ரெண்டும் ஒரே நாள் பூவா?"

"ஒரே கட்டும்மா."

கேள்விக்காரர் ஃப்ரிட்ஜ் கதையை முழுக்கச் சொன்னார், மனைவி சொன்னதையும் விடாமல். முதலாளியம்மா டப்பாவைத் திரும்ப மூடினார்.

"இடம் சும்மா போக வேணாம்னு ஆப்பிளைப் போடச் சொன்னது நான்தான்" என்றார். எழுந்து மேடைக்குப் போய் ஆப்பிளை இறக்கச் சொன்னார். கேள்விக்காரர் ஓட்டுநர் அறைப் பக்கம் நடந்தார்.

"இருங்க" என்றார் முதலாளியம்மா. "பூ செத்ததுக்குப் பதில் கிடைச்சாச்சு. என் கேள்விக்கு இன்னும் கிடைக்கல. கதவைத் திறந்துபோட்டு ஒரு மணி நேரம் ஏத்துறோம். வெளிக்காத்து உள்ள போகுது. அப்பக்கூட உங்க கோடு ஏன் அசையல?"

அவர் சார்ட் பெட்டி இருந்த பக்கம் திரும்பினார்.

இருவரும் வண்டியின் முன்பக்கம் போனார்கள். பின்கதவு அகலத் திறந்து கிடக்க, ஆட்கள் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் அறையில் சிவப்பு எண் பதினொன்று காட்டியது. சார்ட்டில் முள் இரண்டிலேயே நின்றது. முதலாளியம்மா சாவி போட்டு மூடியைத் திறந்து, முள்ளை நகத்தால் லேசாகச் சுண்டினார். அது துள்ளிப் போய்ப் பதினொன்றில் நின்றது. முள்ளின் அடியில், காய்ந்த மை கடுகளவு கட்டியாக ஒட்டியிருந்தது.

"நாலு மாசமா மாட்டிக்கிட்டிருக்கு" என்றார் அவர். "நீங்களும் ஏமாத்தல, மெஷினும் ஏமாத்தல. முள்ளு நின்னுபோச்சு."

கேள்விக்காரருக்குக் காது மடல் சுட்டது. கள்ளன் இல்லை என்று ஆனது சந்தோஷம்தான். ஆனால் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய வட்டம் கண்முன்னால் வந்து நின்றது. துணி கொடுக்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அதைப் பார்த்திருந்தார்கள்.

"ஊருல இருக்குற எல்லாத்தையும் ஏன் ஏன்னு கேக்குற ஆளு. இதை மட்டும் ஏன் கேக்கல?"

அவர் முள்ளைப் பார்த்தபடி சொன்னார்: "நல்லா வந்துச்சும்மா. அதான் கேக்கத் தோணல."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். பிறகு அவரும் சிரித்தார், கொஞ்சம் சிரமப்பட்டு.

அந்த லோடு உயிரோடு போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் வேலையாக நாற்காலியில் ஏறிச் சட்டத்தைக் கழற்றி, பழைய காகிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். ஏற்றும்போது ஒரு முட்டு, மேட்டுப்பாதையில் ஒரு நெளிவு, மதிய வெயிலில் ஒரு வீக்கம், இறக்கும்போது இன்னொரு முட்டு.

மனைவி தையலை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க இது, கோணல் மாணலா இருக்கு?"

"இதுதான் நான் ஓட்டினது" என்றார் அவர்.