டேப்புக்கு அடியிலும் சிவந்திருந்தது

நாத்தனாரின் முதுகைப் பொசுக்கியது இவோனெச்சிதான் என்று ரொட்டிக்கடை வாசலில் நின்று சொல்கிறார்களே, அவர்களில் ஒருத்தியாவது அந்த முதுகைப் பார்த்தாளா? பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

இவோனெச்சிக்கு இது ஒன்பது வருஷத் தொழில். ரியலெங்கோவின் அந்தக் கொதிக்கிற வெயிலில், மாமியார் வீட்டு மொட்டைமாடியில், எத்தனை பெண்களைக் கறுக்க வைத்திருக்கிறாள்! யாருக்காவது ஒரு கொப்புளம் உண்டா? காலை ஏழு மணிக்கு வந்து படுப்பார்கள். வயரில் சுற்றுகிற கறுப்பு டேப்பை உள்ளாடை மாதிரி வெட்டி உடம்பில் ஒட்டுவாள். டேப் இருக்கிற இடத்தில் வெயில் ஏறாது. உரித்தால் அங்கே மட்டும் பழைய நிறம், கத்தியால் கீறினாற்போல் கோடு. அந்தக் கோட்டைத் தோளில் காட்டிக்கொண்டு தெருவில் போகத்தான் இத்தனை பாடும். கால்மணிக்கு ஒருமுறை திருப்பிப் போடுவாள், குழாயால் தண்ணீர் அடிப்பாள், பத்து மணிக்கெல்லாம் எழுப்பிவிடுவாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் அக்கா!"

"எந்திரிடி. தோல் என்ன ரொட்டியா, அடுப்புல வெச்சுட்டு மறக்க? தன்னைக் காப்பாத்திக்கத்தான் அது கறுக்குது. அதுக்கு ரெண்டு மூணு நாள் அவகாசம் குடு."

ஒரு மச்சம் வடிவம் மாறியிருந்தாலும் டேப்பைத் தொடமாட்டாள், ஆஸ்பத்திரிக்குத் துரத்துவாள். படுக்கும் முன் ஒவ்வொருத்தியிடமும் ஒரு கேள்வி கேட்பாள், மெஷினில் படுத்தாயா என்று. சவப்பெட்டி மாதிரி மூடிக்கொள்ளும் விளக்குப் படுக்கை அது. அரசாங்கம் தடை போட்டு எத்தனையோ வருஷமாயிற்று. ஆனாலும் அங்கங்கே அழகு நிலையங்களின் பின்னறையில், திரைக்குப் பின்னால், இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நாத்தனார் தையானிக்குச் சனிக்கிழமை கல்யாணம். முதுகு திறந்த கவுன். ஒரு மாதம் முன்பே வா, விட்டு விட்டு மூன்று தடவை படு என்று இவோனெச்சி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். மகாராணி வியாழக்கிழமை காலையில்தான் மாடி ஏறினாள்.

"மெஷின்ல படுத்தியா?"

"ஐயோ அண்ணி, வீட்டுப் பொண்ணையுமா கேக்கணும்?"

"கல்யாணப் பொண்ணா இருந்தாலும் கேப்பேன்."

"இல்ல, இல்ல, இல்ல. போதுமா?"

வெளுத்த தோல்காரி என்று மற்றவர்களுக்குக் கொடுப்பதில் பாதி நேரம்தான் கொடுத்தாள். சாயங்காலம் பார்த்தால் வேகவைத்த இறால் மாதிரி முதுகு, கொப்புளம் கொப்புளமாக. மாமியார் தோனா சுலேய்ஜி போட்ட கூச்சலில் நாய்கள் எல்லாம் குரைத்தன. இவோனெச்சி பெண்ணைக் கண்ணாடி முன் நிறுத்தி, டேப் ஒட்டியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கேயும் சிவப்பு.

"என் வெயில் இதுக்கு அடியில எப்படிடி போச்சு?"

தையானி அழுதுவிட்டாள். மாப்பிள்ளையின் அக்காள் வைத்திருக்கும் அழகு நிலையத்தில், முந்தின நாள், கல்யாணப் பரிசென்று சும்மாவே படுக்க வைத்தாளாம். உடம்பில் ஒரு நூல் துணி இல்லாமல் இருபது நிமிஷம். அந்தச் சூடு தோலில் ஏறி உட்கார்ந்திருந்ததை இவள் எப்படிக் கண்டாள்?

அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும், இல்லையா? மாமியார் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசு இவோ. சம்பந்தி வீட்டுக் கடை. போலீஸ் கீலீஸ் வந்தா கல்யாணமே நின்னுடும்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"அசந்துட்டேன், நேரம் பாக்கலேன்னு சொல்லிடேன். நம்ம பொண்ணுக்காகத்தானே."

"நான் நேரம் பாப்பேன்னு நம்பித்தானே அத்தை ஊர்ப் பொண்ணுங்க என் முன்னால கண்ணை மூடிப் படுக்குறாங்க? அதையே இல்லேன்னு சொல்லவா?"

புருஷன் வால்மிர் அவளுக்காகப் பேசியிருக்கலாம். "மாடி அம்மாவோடது, அதை மறந்துடாதே" என்று மட்டும் சொன்னான். ஆம்பளை!

அவள் சொல்லவில்லை. அவளுக்குப் பதிலாக மாமியார் வீட்டாரே சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. வழக்கமாக வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் தலைவலி வந்தது. மாப்பிள்ளையின் அக்காள் வீட்டுக்கே வந்து, இவோனெச்சியின் தோளைத் தடவிக்கொடுத்து, "பாவம், வயசாகுதுல்ல, கவனம் தப்பத்தான் செய்யும்" என்றாள். என்ன நெஞ்சழுத்தம்!

இத்தனைக்கும் இரண்டு ராத்திரியும் அந்தப் பெண்ணின் முதுகில் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தவள் இவோனெச்சிதான். இதை ரொட்டிக்கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

சனிக்கிழமை காலை, தையானியின் முதுகை மறைக்க ஒரு சால்வையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். இவோனெச்சி கல்யாணத்துக்குப் போக உடுத்திக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றாள்.

"ஒரே ஒரு தடவை, வாசல்ல நிக்கிறவங்ககிட்ட மெஷின்தான்னு சொல்லு. கடைப் பேரைச் சொல்லவேண்டாம். அது போதும் எனக்கு."

தையானி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஊசியில் நூல் கோத்தாள்.

"சர்ச்சுக்கு நேரமாச்சு அண்ணி" என்றாள் தையானி.

இவோனெச்சி உள்ளே போய்த் தன் துணிகளை ஒரு பையில் திணித்து எடுத்துக்கொண்டு வந்தாள். மணப்பெண்ணைப் பார்க்கத் தெருவே வாசலில் கூடியிருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. எதிர்வீட்டு நெயூசாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன இவோ, சர்ச்சு அந்தப் பக்கமில்ல இருக்கு?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.